சிஸ்டம் ஸ்லோவா கீது

எங்கள் வீட்டுக்கு வரும்போதே அந்தக் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டிருந்தது. எண்ணூர் பக்கம் நைனா ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனியில் புதுசு வாங்கியபோது, பழையதை வேண்டுமானால் எடுத்துப்போகச் சொன்னார்களாம். நைனா அதை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு திருவொற்றியூருக்குக் கொண்டுவந்தார். பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மேசை போட்டு உட்காரவைத்தோம். அம்மா மஞ்சள் குங்குமம் வைத்தாள். எங்கள் மாடிப்படியை ஒட்டிய வீடுகளில் வேறு யாரிடமும் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் அது வேகமா, மந்தமா என்று ஒப்பிட்டுச் சொல்ல ஆள் இல்லை.

நான் ஆறாவது படிக்கும்போது நைனாவுக்குத் திடீரென்று நீண்ட லீவு கிடைத்தது. என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். கம்பெனியை ஒரகடம் பக்கம் மாற்றுகிறார்கள், அதனால் லீவு என்றாள் அம்மா. எனக்கு சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அம்மா ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இருட்டிய பிறகுதான் வருவாள். கூடப்பிறந்தவர்கள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கீழ்வீட்டில் சாவி வாங்கித் திறந்து, கேரம் போர்டின் இரண்டு பக்கமும் நானே மாறி மாறி உட்கார்ந்து ஆடுவேன். யார் ஜெயித்தாலும் பெரிதாக ஒன்றும் தோன்றாது. இனி நைனா இருப்பார் என்றதும் போர்டுக்குப் புது பவுடர் வாங்கி வைத்தேன்.

நைனா வீட்டில்தான் இருந்தார். ஆனால் நான் கதவைத் திறந்து உள்ளே வரும்போதெல்லாம் அவர் முதுகுதான் தெரியும்.

"மெயில் பாத்துகினு கீறேம்மா" என்பார்.

பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டர் முதலில் முனகும். கொஞ்ச நேரம் கறுப்பாக நிற்கும். பிறகு நீலம் வரும், அதற்கு மேல் ஒரு மணல்கடிகாரம் வந்து நின்றுவிடும். நைனா எழுந்துபோய் டீ போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவார். மணல்கடிகாரம் அப்படியே இருக்கும்.

"நைனா, ஒரு போர்டு ஆடலாமா?"

"இரும்மா, ஓபன் ஆய்கினே கீது. ஆனதும் வரேன்."

அது ஓபன் ஆவதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிடும். இல்லையென்றால் நடுவில் உறைந்துபோகும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். யாரும் இல்லாத வீட்டில் நானாகச் சத்தம்போட்டுப் பேசிக்கொண்டாவது ஆடுவேன். நைனா இருந்ததால் இப்போது அதுவும் முடியவில்லை.

அம்மா வந்து பையை இறக்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னாயா, எதுனா வந்துச்சா?"

"எங்க? சிஸ்டம் ஸ்லோவா கீது. ஓபனே ஆவல."

"சரி வுடு. நாளைக்குப் பாரு."

அதோடு இருவரும் சாப்பிட உட்காருவார்கள். சில நாள் அம்மா சிரித்துக்கொண்டே, "இத்த தூக்கிக் காயலாங்கடையில போடு" என்பாள். நைனாவும் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. ஒரே ஒரு மெயில் திறந்துவிட்டால் நைனாவின் வேலை முடிந்துவிடும், அவர் முதுகைத் திருப்பி என்னைப் பார்ப்பார். அதற்குக் குறுக்கே நிற்பது இந்தப் பெட்டி மட்டும்தான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

நைனாவின் தங்கை டோல்கேட் அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கடைக் கம்ப்யூட்டர்கள் மக்கர் பண்ணினால் அத்தையேதான் திறந்து சரிசெய்வாள். அம்மாவின் செல்லில் அவளைக் கூப்பிட்டேன்.

"அத்தே, எங்க வூட்டு கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவா கீது. நைனா பாவம்."

"பாவம்னு நைனா சொன்னாரா?"

"நான்தான் சொல்றேன்."

"சரிடி, சண்டே வரேன்."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஓவர்டைம். அத்தை ஸ்க்ரூ டிரைவரும் பெயின்ட் பிரஷுமாக வந்து நின்றதைப் பார்த்து நைனாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது.

"எதுக்கு இப்போ? ஓடிகினுதான கீது, வுடேன்."

"ஓடிகினு கீதா? தவழ்ந்துகினு கீதுண்ணே!"

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றியதும் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டாள். உள்ளே இருந்த ஃபேனில் கரித்தூளும் லாரிப் புழுதியும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருந்தன. பிரஷால் எல்லாவற்றையும் தள்ளினாள். மெமரியைப் பிடுங்கி, என் ரப்பரை வாங்கி அதன் தங்க நிற விளிம்பைத் தேய்த்தாள். கடையில் செத்துப்போன ஒரு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவந்த இன்னொரு மெமரியையும் பக்கத்தில் சொருகினாள். பிறகு ஆன் செய்து, தானாகவே கிளம்பும் புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள்.

"ரெண்டு ஆண்டி வைரஸ் போட்டு வெச்சிகீறியேண்ணே. வைரஸ வுட்டுட்டு ரெண்டும் ஒண்ண ஒண்ணு அட்ச்சிகினு கீது."

அத்தை கேட்டதை நைனா எடுத்துக் கொடுத்தார். வேலை முடியும் நேரத்தில் ஜன்னலோரம் போய் நின்று, ஹைரோட்டில் வரிசைகட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை அணைத்துத் திரும்பப் போட்டாள். முனகல் இல்லை. கறுப்பு வந்தது தெரியவில்லை, நீலம் வந்துவிட்டது. நான் கைதட்டினேன்.

"குந்துண்ணே, பாரு" என்றாள் அத்தை.

"அப்பால பாக்கறேன்."

"பாரு நைனா!" நான் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன்.

நைனா அமுக்கினார். மெயில் பட்டென்று திறந்தது. கடன் வேண்டுமா என்று கேட்டு ஒரு விளம்பரம். இங்கிலீஷ் கற்றுக்கொள்ளுங்கள் என்று இன்னொன்று. நைனா கீழே வரைக்கும் போனார். மறுபடி மேலே வந்தார். வேறு எங்கேயோ அமுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அங்கேயே வந்தார். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சமும் தாமதிக்காமல் திறந்து காட்டியது.

அத்தையின் சிரிப்பு நின்றுபோனது. "இன்னிக்கு ஞாத்திக்கெழமையாச்சேண்ணே" என்றாள் மெதுவாக. நைனா தலையை மட்டும் ஆட்டினார். டீ வேண்டாம் என்று சொல்லி அத்தை கிளம்பிவிட்டாள்.

நைனா சொன்ன சொல் தவறவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, "போர்ட எடும்மா" என்றார். வாசல் பக்கம் தரையில் உட்கார்ந்து ஆடினோம். குழியின் ஓரத்தில் நின்ற காயைக்கூட அவரால் தள்ள முடியவில்லை. எல்லா ஆட்டத்திலும் நானே ஜெயித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அம்மா வந்து பையை இறக்கினாள். "இன்னாயா, எதுனா வந்துச்சா?"

நைனா வாயைத் திறப்பதற்குள் நான் துள்ளி எழுந்தேன். "இப்ப ஸ்லோ இல்லமா! அத்தை சரி பண்ட்டாங்க! சட்டுனு ஓபன் ஆவுது! எல்லாத்தையும் பாத்துட்டோம். ஒண்ணுமே வர்ல!"

நைனா ஸ்ட்ரைக்கரை விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார். அம்மா என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. சமையற்கட்டுக்குள் போனாள். குடத்திலிருந்து தண்ணீர் மொள்ளும் சத்தம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. அத்தையைப் போன் போட்டு வரவழைத்தது நான்தான் என்பதை எப்போது சொல்லலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன்பே நைனா போய்விட்டார். சாயங்காலம் சாவி கீழ்வீட்டில் இருந்தது. அந்த வாரத்துக்குள் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடை போடும் இடத்தில் சேர்ந்துவிட்டார். முழங்கை வரை துருவின் நிறத்தோடு வருவார். சோப்பு போட்டாலும் முழுசாகப் போகாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கும்.

"லீவு முட்ஞ்சிருச்சா நைனா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆமாம்மா."

எனக்கு அத்தைமேல் கோபமாக வந்தது. அவள் அவ்வளவு நன்றாகச் சரிசெய்யாமல் இருந்திருந்தால் நைனா இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருந்திருப்பார் என்று தோன்றியது. கம்ப்யூட்டர் இப்போது என்னுடையதாகிவிட்டது. எந்த கேம் வேண்டுமானாலும் உடனே திறந்தது, உடனே முடிந்தது. அம்மா வரும்வரை அதன்முன் உட்கார்ந்திருப்பேன். உலகத்திலேயே தனியாக இருப்பது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வேன். அதே நாற்காலியில் நைனா அத்தனை நாளும் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பது, பெரியவளாகி எனக்கே ஒருமுறை வேலை போகும்வரை தெரியவில்லை.