கால்விரல் சிலுவை

அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்துகொண்டு என்னைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால், அவர் வியாபாரியே இல்லை. நாலாம் வகுப்போடு நின்றவள் நான். இன்று மூட்டை அடுக்கச் சொந்தக் கிட்டங்கி, இரண்டு லாரி, எல்லாம் என் கையால் வந்தது. பகல் பன்னிரண்டானால் என் செல்போன் மணி அடிக்கும். தராசு முதற்கொண்டு எல்லாம் நிற்கும். ஒரு நிமிடம் அவரவர் சாமியை அவரவர் நினைத்துக்கொள்ளலாம். சர்ச்சில் பங்குச் சாமியார் இதைப் பிரசங்கத்திலேயே சொல்லிப் பாராட்டினார். எப்படித் தோன்றியது என்று கேட்டதற்கு, நானாக யோசித்ததுதான் சாமி என்றேன். அது பொய்.

யோசனை என் அம்மாவுடையது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நரிக்குடிப் பக்கம் ஒரு வியாபாரியின் கிட்டங்கியில் அம்மா வத்தலுக்குக் காம்பு கிள்ளினாள். வீரசோழன் ஊருக்குப் போகிற பஸ் பன்னிரண்டு மணிக்கு வளைவில் ஹாரன் அடிக்கும். அம்மாவுக்கு அதுதான் கோயில் மணி. ஆனால் நெற்றியில் சிலுவை போட முடியாது, விரலெல்லாம் காரம். ஒருதரம் போட்டுவிட்டு அரைநாள் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தாள். அதிலிருந்து கால் பெருவிரலால் தரையில் சிலுவை போடுவாள். மற்ற நேரத்தில், ஒரு கூடை நிறைந்தால் ஒரு ஆளுக்காக வேண்டிக்கொள்வாள். கையும் நிற்காது, வாயும் நிற்காது.

முதலாளியின் கைக்குழந்தைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் இறங்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரும் ஒருத்தி, வாய் முணுமுணுப்பதையும் கால் கோடு கிழிப்பதையும் முடிச்சுப்போட்டு, செய்வினை என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டாள். அன்று ஹாரன் அடித்த கையோடு முதலாளியம்மா வந்து நின்றார்.

"என்னத்தா கோடு இது?"

"சாமி கும்புட்டேன் தாயி. கையெல்லாம் காரமா இருக்கு, அதான்."

"காலால யாருத்தா சாமி கும்புடுவாக?"

"அவுக சாமி மண்ணுக்குள்ள குடியிருக்காக போல" என்றாள் கோள் சொன்னவள். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் வாசலில் முதலாளி மகளோடு கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்தேன். மச்சுவீட்டுப் பிள்ளை என்னோடு ஆடுகிறது என்று எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ஏ பிள்ள, நெசத்தச் சொல்லு. வீட்டுலயும் ஒங்காத்தா இப்பிடித்தான் கும்புடுவாளா?"

எனக்கு எல்லாம் தெரியும். கண் எரிந்த கதை தெரியும். அந்த வாரம் முழுக்க அம்மா நிரப்பிய முதல் கூடை அந்தக் கைக்குழந்தைக்காகத்தான் என்பதும் தெரியும். என் காதால் கேட்டிருக்கிறேன். ஆனால் முதலாளி மகள் என் கையிலிருந்த கல்லைப் பிடுங்கிக்கொண்டு ஒரு எட்டுத் தள்ளி நின்றாள்.

"இல்ல. வீட்டுல கையாலதான் கும்புடும்" என்றேன்.

அது பொய் இல்லை. இத்தனை வருடமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். கூட ஒரு வார்த்தை, கண் எரியும் என்று சொல்லியிருந்தால் போதும். ஊரையே வாயால் விற்று வாங்குகிற எனக்கு அன்று அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

அப்படியென்றால் இங்கே காலால் போட்டது செய்வினைதான் என்று முடிவுகட்டி, அம்மாவை அப்போதே போகச் சொல்லிவிட்டார்கள். செய்வினைக்காரி என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததால், பிறகு எந்தக் கிட்டங்கியிலும் அவளைச் சேர்க்கவில்லை. கருவேலங்காட்டில் விறகு வெட்டியே காலம் போனது. அங்கே பன்னிரண்டு மணிக்கு என்ன செய்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று வெயிலில் வீட்டுக்கு நடந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் பொய் சொல்லலயேம்மா" என்றேன்.

"இல்லத்தா. கேட்டதுக்குச் சரியாத்தான் சொன்ன" என்றாள்.

பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் அப்படிச் சரி போட்டதில்லை. பாராட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, கையை வீசி, அவளுக்கு முன்னால் நடந்தேன்.