வாசல் துஜாவுக்கு முருங்கைக் கவாத்து

எங்கள் வீட்டு கேட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு துஜா நிற்கிறது. ராசிபுரம் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் இப்போது வாசலில் வைக்கிறார்களே, அடியில் அகலமாய், உச்சியில் கூராய், அந்த மரம்தான். இலையென்று தனியாக ஒன்றும் இல்லை. விரலை விரித்த கை மாதிரி தட்டைத் தட்டையாக அடுக்கியிருக்கும். கசக்கி மோந்தால் கற்பூரமும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு வாசம்.

இரண்டையும் வைத்தது என் மருமகள். கல்யாணமாகி வந்த புதிதில் தானே நர்சரிக்குப் போய் வாங்கி வந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தன் கையாலேயே குழி பறித்து நட்டாள். பிரசவத்துக்குத் தம்மம்பட்டிக்கு, அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "அத்தை, என் மரத்தப் பாத்துக்குங்க" என்றாள். நானும் தலையாட்டினேன். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் வீட்டுக்காரரைத்தான் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

அவர் காடு கரையிலேயே காலம் தள்ளியவர். முட்டிவலி வந்து காட்டைக் குத்தகைக்கு விட்ட பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கொல்லையில் இருக்கிற முருங்கை காய்த்து ஓய்ந்ததும் வழக்கம்போல அரிவாளை எடுத்துக் கிளையை எல்லாம் கழித்தார். வெட்டின வாயில் சாணியை உருட்டி அப்பினார். அது சரிதான், எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வோம். அதே அரிவாளோடு வாசலுக்கும் போயிருக்கிறார். நான் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தபோது இடப்பக்கத்துத் துஜாவின் ரோட்டுப் புறம் பாதிக்கு மேல் மொட்டை. பழுப்புக் குச்சிகள் நீட்டிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு குச்சி நுனியிலும் ஒரு சாணி உருண்டை.

"ஏனுங்க, என்னங்க இப்படிப் பண்ணிப் போட்டீங்க?"

"ரோட்டை அடைச்சுக்கிட்டு நின்னுது புள்ள. முருங்கையாட்டத்தான் இதுவும். பாத்துக்கிட்டே இரு, கும்முனு துளுக்கும்."

முருங்கை துளிர்த்துக் கீரை பறிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. துஜா துளிர்க்கவில்லை. அவர் எரு வைத்தார். மோர் ஊற்றினார். காலையில் எழுந்ததும் பல்லுக்கூட விளக்காமல் அதன் முன்னால் போய்க் குனிந்து குனிந்து பார்ப்பார். அந்தப் பக்கமாகப் போகிற எதிர்வீட்டு அம்மா, "என்னுங்கண்ணா, மரத்துக்கு ஜோசியம் பாக்கறீங்களா?" என்று கேட்டுச் சிரிக்கும்.

பேரன் பிறந்தான். ஒருநாள் வீடியோவில் பிள்ளையைக் காட்டிவிட்டு மருமகள், "மாமா, என் மரத்தக் காட்டுங்க" என்றாள். இவர் போனை எடுத்துக்கொண்டு போய் வலப்பக்கத்து மரத்தைக் காட்டினார். பிறகு கேமராவைக் கையால் மூடிக்கொண்டு நாலடி நடந்து, அதே மரத்தையே திரும்பக் காட்டினார்.

"பாத்தியா சாமி, ரெண்டும் ஜம்முனு நிக்குது."

"ஆமாங்க மாமா, ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதுங்க."

நான் அடுப்படிக்கு ஓடிப்போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

பிள்ளையோடு அவள் வருகிற நாள் குறித்தாயிற்று. இனித் தாங்காது என்று இரண்டு பேரும் நர்சரிக்குப் போனோம். நர்சரிக்காரர், "பழுப்புக் கட்டையில இது துளுக்காதுங்க. பச்சை இருக்கற வரைக்குந்தான் வெட்டோணும்" என்றார். "புடுங்கிப் போட்டுட்டு இதே உசரத்துல ஒண்ணு வெச்சிருங்க, யாருக்கும் தெரியாது." இவர் முகம் மலர்ந்து பைக்குள் கை விட்டார்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். வெளியிடத்தில் வாய் திறக்கவே கூச்சம், கடையில் விலை கேட்கக்கூட இவரைத்தான் விடுவேன். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ, "வேண்டாங்க. அந்தப் புள்ள கையால வெச்சது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்தில் எனக்கே காது சூடாகிவிட்டது.

நர்சரிக்காரர் கொஞ்சம் யோசித்து, உள்ளே ஒரு தொட்டியைக் காட்டினார். அதே ஜாதிச் செடி. தண்டும் கிளையும் வெளியே தெரிய, கிளை நுனியில் மட்டும் பச்சைப் பந்து பந்தாக விட்டிருந்தது. எனக்கு அது சடை நுனியில் கட்டுகிற குஞ்சலமாகத் தெரிந்தது. "பச்சை மிச்சமிருக்கற கிளைய வெச்சு இப்படிப் பண்ணிப் பாருங்கம்மா" என்று ஒரு சின்னக் கட்டரும் கொடுத்தார்.

ரோட்டோரம் நின்று வெட்ட வேண்டுமே! அதனால் ஊர் உண்டு உறங்குகிற மத்தியானத்தில்தான் போவேன். வெயிலுக்குத் தலையில் துண்டு. முதலில் சாணி உருண்டைக் குச்சிகளை எல்லாம் அடியோடு எடுத்தேன். உள்ளே காய்ந்து கிடந்த சருகை விரலால் உதிர்த்தேன், கழுத்தெல்லாம் அரித்தது. பிசின் ஒட்டி கட்டர் நகரவில்லை, தேங்காயெண்ணெய் தடவினேன். ரோட்டுப் பக்கம் நுனிப்பச்சையோடு தப்பித்த கிளை மூன்றுதான். ஒன்று போனாலும் திரும்ப வராதே. ஒரு நுனி கிள்ளுவது, நாலடி தள்ளிப் போய்ப் பார்ப்பது, திரும்ப வந்து இன்னொரு நுனி. பிள்ளைக்கு நகம் வெட்டுகிற மாதிரி. பிறகு வீட்டுப் பக்கத்து அடர்த்தியையும் பிரித்து, அதற்கும் குஞ்சலம் கட்டினேன். இவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "நானும் ஒண்ணு வெட்டட்டுமா?" என்று கேட்டால் ஒரு பார்வை பார்ப்பேன். ஸ்டூலை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.

ஒருநாள் எதிர்வீட்டு அம்மா அந்த வெயிலிலும் வெளியே வந்துவிட்டது. எனக்கு ஸ்டூலிலிருந்து இறங்கி ஓடலாம் போலிருந்தது. ஆனால் கட்டர் பாதி வெட்டில் இருந்தது. அந்த அம்மா இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்து, "அக்கா, இது என்னக்கா, மரத்துக்குச் சடை போட்டு உட்டிருக்கீங்க!" என்றது. அன்றைக்கு ராத்திரி சோறு எனக்குத் தேனாக இருந்தது.

மருமகள் வந்த அன்று காலையிலிருந்து இவருக்கு நிலைகொள்ளவில்லை. கார் வந்து நின்றது. நான் ஆரத்தித் தட்டோடு நிற்கிறேன், தட்டில் தண்ணீர் தளும்புகிறது. அவள் பிள்ளையை ஏந்திக்கொண்டு இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. இடப்பக்கத்து மரத்தைத்தான் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை பார்த்தாள்.

"மாமா," என்றாள்.

"சாமி..." என்றார் இவர்.

"போன்ல ரெண்டு மரத்துக்குப் பின்னாடியும் உங்க நீல லுங்கியே காஞ்சுதே, நான் அன்னைக்கே கண்டுக்கிட்டேன். மரம் போச்சுன்னு ராத்திரி அழுதேன் தெரியுங்களா?" சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இத யாருங்க அத்தை பண்ணுனது?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர்தான், "உங்கத்தைதான், வேற ஆரு?" என்றார், தானே செய்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அவள் கிட்டே போய்க் கீழ்க் குஞ்சலத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். பிள்ளையும் கையை நீட்டி அதைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. விடவே இல்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகுதான் ஆரத்தி சுற்ற முடிந்தது. அந்தப் பிஞ்சு விரலில் துஜா வாசம் சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

உள்ளே போகும்போது அவள் வலப்பக்கத்து மரத்தைத் திரும்பிப் பார்த்து, "இதுதான் அத்தை இப்ப தலை சீவாத மாதிரி நிக்குது" என்றாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, வெண்ணந்தூர் பஸ் போகிற நேரம், ரோட்டில் அத்தனை பேர் பார்க்க ஸ்டூலில் ஏறினேன். துண்டைக்கூடத் தலையில் போடவில்லை. மருமகள் பிள்ளையோடு கீழே நின்று, "அந்தப் பக்கம் கொஞ்சம், அத்தை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் ஸ்டூலைப் பிடித்திருந்தார். அரிவாள் பீரோவுக்குள் இருந்தது, சாவி என் இடுப்பில்.