சவரிமுத்து அண்ணன் சொன்ன கப்பல் கதை

சவரிமுத்து அண்ணன் காலமான செய்தியை அவர் மனைவி அமலோற்பவம் அக்காதான் போனில் சொன்னார். நல்லவேளை, பதில் வந்த பிறகு போனார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை அப்புறம்தான் வந்தது. அவரை அறிந்தவர்கள் இதற்காக என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆவூர்ப் பக்கத்துக்காரரான அவர், பிரான்சின் மேற்குக் கரையில், பிரித்தானிப் பகுதியின் ஒரு சிற்றூரில் பல ஆண்டுகள் கிறிஸ்தவக் கோயிலின் சாவி வைத்திருந்தவர். கூட்டுவது, மணி அடிப்பது, பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது எல்லாம் அவர் வேலை. அந்த ஊர்ப் பெயர் இன்றுவரை என் நாக்குக்கு வந்ததில்லை. ஓய்வு பெற்று ஊர் திரும்பியவரை, நான் பாடம் நடத்தும் ஏழாம் வகுப்புக்கு வருடம் ஒருமுறை பேச அழைப்பேன். மத்தி மீனை டப்பாவில் அடைத்த பழைய ஆலை, பெண்கள் முட்டி போட்டுத் துணி துவைத்த கல்தொட்டி, புனிதரின் சுரூபத்தைத் தோளில் தூக்கிக் கடல்வரை போகும் திருவிழா என்று படம் படமாகக் காட்டுவார். “அங்கிட்டு மழை பேய்ஞ்சா பேய்ஞ்சுகிட்டே இருக்கும் டீச்சர். நம்ம ஊரு மாதிரி எட்டிப் பாத்துட்டுப் போற மழை இல்ல” என்பார். பிள்ளைகளுக்குப் பொறாமையாக இருக்கும். எனக்கும்தான்.

போன வருடம் ஒரு மாணவி, கோயில் கூரையிலிருந்து தொங்கும் சிறிய மரக்கப்பலின் படத்தைக் காட்டி, “இத யாரு குடுத்தாங்க?” என்று கேட்டாள். வாய் ஓயாத மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வெயிலில் வந்ததால் தலைசுற்றல் என்று நினைத்து நான் தண்ணீர் கொடுத்தேன்.

பிள்ளைகள் போனதும் சொன்னார். “வேலைக்குச் சேந்த புதுசுல இதே கேள்விய அங்க ஒரு அம்மா கேட்டுச்சு. தெரியலன்னு சொன்னா, எங்கிட்டிருந்தோ வந்தவனுக்கு நம்ம கோயிலப் பத்தி என்ன தெரியும்னு நெனைப்பாங்களோன்னு ஒரு ரோசம். நம்ம பக்கம் நேந்துக்கிட்டு வெள்ளிப் படகு வைக்கிறதில்லையா? அத வச்சு அடிச்சு விட்டேன். புயல்ல போன புருசன் திரும்பி வந்ததுக்கு ஒரு மாலுமி பொஞ்சாதி குடுத்ததுன்னு.”

கதை நன்றாக இருந்துவிட்டது, அதுதான் வினை. முதலில் ஊரைப் பற்றிய சிறு புத்தகத்தில் ஏறியது. பிறகு கப்பலுக்குக் கீழே பலகையாகவே நின்றுவிட்டது.

“பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். சாமியாரும் மன்னிச்சுட்டாரு. ஆனா பலகை அங்கயேதான டீச்சர் இருக்கு? ஒரு ஊரு சரித்திரத்துல பொய்ய ஏத்திட்டு நான் எப்பிடிக் கண்ண மூடுறது?”

அந்தக் கோயிலுக்கே எழுதிப் போடுங்கள் என்றேன். பிரெஞ்சில் பேச்சு வருகிற அளவுக்கு அவருக்கு எழுத்து வராது. மூன்று பக்கத்தை ஒரு வாரம் எழுதினார். தபாலில் சேர்த்த பிறகு பதிலே இல்லை. இதற்குள் இதயம் பலவீனமாகி, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். தபால்காரர் சைக்கிளை மிதித்து மறையும்வரை வாசலிலேயே நிற்பார் என்று அக்கா புலம்புவார். “ஒரு கப்பல வச்சுக்கிட்டு என்னையும் தூங்க விடமாட்டேங்கிறாரு, பாருங்க.”

ஐந்தாம் மாதம் பதில் வந்தது. உடனே வரச் சொன்னார், போனேன். கடிதத்தோடு வந்த புதிய பலகையின் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருந்ததை எனக்குத் தமிழில் சொன்னார். கப்பலைக் கொடுத்தவர் யாரென்று தெரியவில்லை. மாலுமியின் மனைவி கதை, பல ஆண்டுகள் இக்கோயிலின் சாவியை வைத்திருந்த சவரிமுத்து சொன்னது. தன் ஊரின் வேண்டுதலை அவர் எங்கள் கப்பலில் ஏற்றினார். அவ்வளவுதான் பலகையில்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொய்ய எடுத்துட்டாங்க. என்னைய எடுக்கல டீச்சர்.”

அன்று இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாராம். அதன் பிறகு இருந்த பதினோரு நாளும் வாசலுக்குப் போகவே இல்லையாம்.

அடக்கம் முடிந்த மறுவாரம் அக்கா அந்தப் புகைப்படத்தை என்னிடம் கொடுத்தார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. அதில் நான் வாசிக்கக்கூடிய ஒரே சொல் அவர் பெயர். தானே முன்வந்து தன் தவற்றைச் சொன்னதால் ஓர் ஊர் எழுதி வைத்துக்கொண்ட பெயர் அது. அதைத்தான் நான் வைத்திருக்கிறேன்.