பொழுது சாயும் வரை செத்திருந்த அம்மா

போன மாதம் அம்மா இறந்தபோது நான் முதலில் செய்த காரியம் அடுப்பைப் பற்றவைத்ததுதான். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று லயத்து வரிசைவீட்டுச் சனமே திரண்டு வந்து சொன்னது. எரியட்டும் என்று விட்டுவிட்டேன். ரொட்டி சுட்டு, வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அழுதுகொண்டேதான் சுட்டேன், ஆனால் ஒன்றுகூடக் கருகவில்லை. எனக்கு இதில் முன்பே ஒருநாள் பழக்கம் உண்டு.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில், நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். ஒருநாள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் குளவி கொட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. அம்மாவுக்கும் அதே மலையில்தான் வேலை.

அன்று சாயந்தரம் கேட்டேன். "அம்மா, நீங்களும் செத்துருவீங்களா?"

"ஒருநாள் செத்துத்தான் போவேன்."

"செத்து எங்க போவீங்க?"

"எங்கயும் போக மாட்டேன். இல்லாம போயிருவேன்."

அடுத்த காம்பரா அத்தைக்குக் காதில் விழுந்துவிட்டது. "பச்சப் புள்ளகிட்ட பேசுற பேச்சா இது? சாமிகிட்ட போவேன்னு சொன்னா வாய் வெந்தா போயிரும்?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். அம்மாவுக்குச் சாமியில் நம்பிக்கை கிடையாது. நம்பாத ஒன்றைச் சொல்லி என்னைத் தேற்றவும் அவளுக்கு வாய் வராது. நானோ மறுநாளிலிருந்து அவள் சேலையை விடவில்லை. பள்ளிக்கூடம் போக மாட்டேன், நீங்களும் மலைக்குப் போகக் கூடாது என்று ஒரே அடம். பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"நான் இல்லாட்டி நீ என்ன ஆவேன்னுதானே பயம்? வர்ற ஞாயித்துக்கெழம நான் செத்தவ. பொழுது சாயிற வரைக்கும் எந்திரிக்கவும் மாட்டேன், பேசவும் மாட்டேன். என்ன ஆவுதுன்னு பாத்துருவோம்."

சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கம்பளியைத் தலைவரை இழுத்து மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். உப்பு எங்கே என்று கேட்டேன். கடைசியில் நானே தேடி எடுத்தேன். மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் பிடித்து வந்தேன். பனியில் நனைந்த தேயிலை மிலாறுக் குச்சிகளை அடுப்பில் திணித்து, கண் எரிய எரிய ஊதினேன்.

அந்த நேரம் பார்த்துத்தானா அத்தை வர வேண்டும்! "அம்மா எங்கடி?" என்றாள்.

"அம்மா செத்துட்டாங்க அத்தை," என்றேன், ஊதுகுழலைக் கீழே வைக்காமல்.

அவ்வளவுதான். அத்தை போட்ட கூச்சலில் லயம் முழுக்கக் கூடிவிட்டது. முதல்நாள் வரை அம்மாவைத் திமிர் பிடித்தவள் என்ற வாயெல்லாம் தங்கமே, மகராசியே என்று ஒப்பாரி வைத்தது. ஒருவர் தப்பு அடிக்க ஆள் கூட்டி வர ஓடியே விட்டார். அத்தை மாரில் அடித்துக்கொண்டு கம்பளியை விலக்க, அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"பொழுது சாயிற வரைக்கும்தான் செத்திருக்கேன். எல்லாரும் போயிட்டு அப்புறம் வாங்க."

அத்தை எங்களோடு வெகுநாள் பேசவில்லை.

கூட்டம் கலைந்தபின் ரொட்டி சுட உட்கார்ந்தேன். சூடான கல்லில் உள்ளங்கை பட்டுப் பொசுங்கிவிட்டது. வீலென்று அலறினேன். அம்மா முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்துவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்!

"எந்திரிக்கக் கூடாது! செத்தவங்க எந்திரிப்பாங்களா? படுங்க. நான் பாத்துக்கிறேன்."

அம்மா என்னையே பார்த்தாள். பிறகு மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கையைத் தண்ணீரில் முக்கிவைத்து அழுதேன். எவ்வளவு அழுதும் யாரும் வரவில்லை. அழுகை தானாக நின்றது. பசித்தது. கருகிய ரொட்டியைத் தின்றேன். செத்தவங்களுக்கு எதுக்கு என்று அம்மாவின் பங்கையும் சேர்த்தே தின்றேன். சும்மா சொல்லக் கூடாது, ரொம்பப் பெருமையாக இருந்தது.

பொழுது சாய்ந்ததும் அம்மா எழுந்து வந்து என் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கையை உருவிக்கொண்டு போய், பெரிய மனுஷிபோல அவள் கம்பளியை மடிக்கப் பார்த்தேன். தலைமாட்டுப் பக்கம் சொதசொதவென்று நனைந்திருந்தது.

"அம்மா, கூரைத் தகரம் ஒழுகுது."

"ஆமா," என்றாள். "அடைக்கணும்."

அன்று பகல் முழுக்கச் சுள்ளென்று வெயில். அந்த வீட்டில் அன்று பிரிவுக்குப் பழகிக்கொண்டது நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் காலை அவள் சேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.