கவ்வாத்துக் கட்டளையும் கீழ் லயத்துச் சுவரும்

என்னை அடிக்க என் மச்சானுக்கு இருபது வருஷமாக ஒரு காரணம் தேவைப்பட்டது. அவர் தங்கையைக் கட்டிய நாளிலிருந்தே தேடிக்கொண்டிருந்தார். அன்று காலை ஒன்பது மணிக்கு ஒரே ஒரு பொத்தானைத் தட்டி, அந்தக் காரணத்தை நானே அவர் கையில் கொடுத்தேன்.

பதுளையில் இணையதளம் கட்டிக் கொடுப்பது என் தொழில். பிறந்தது லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மேல் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில். பெண் எடுத்தது அதே தோட்டத்துக் கீழ் லயத்தில். போன மழைக்கு இரண்டு லயத்துக்கும் பின்னாலிருந்த மலை நகர்ந்தது, சுவர்கள் வெடித்தன. வேறிடத்தில் வீடு வேண்டுமானால் வெடிப்பைப் படமெடுத்துக் காட்டுங்கள் என்றார்கள் அரசாங்க அலுவலகத்தில். அதற்காக ஒரு தளம் செய்தேன். வீட்டுக்கு ஒரு பக்கம், பக்கத்தில் சுவரின் படம். அதையும் இடத்தையும் பார்த்து யாருக்கு முதலில் வீடு என்று தீர்மானிக்க, அன்று பதினோரு மணிக்கு அதிகாரி வருவதாக இருந்தது.

இடையில் தீபாவளி வந்து போயிருந்தது. மலையே தலையில் விழட்டும், எங்கள் ஆட்கள் தீபாவளிக்குச் சுவரைப் பூசி வெள்ளையடிக்காமல் விடமாட்டார்கள். வெடிப்பெல்லாம் மறைந்து இரண்டு லயமும் கலியாணப் பெண்களைப்போல நின்றன. கீழ் லயம் முழுவதையும் படமெடுத்த தன் போனையோ மச்சான் மலையூற்றுப் பீலியில் குளிக்கப்போய்த் தண்ணீரில் விட்டிருந்தார். ஆக, தளத்திலிருந்த படங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

தளத்தில் எதையாவது மாற்றினால் கோப்புகளை ஒவ்வொன்றாக சேர்வருக்குக் கையால் ஏற்றுவேன். அது அலுத்துப்போய், வேலைகளை வரிசையாக ஓட்டும் டாஸ்க் ரன்னர் ஒன்றைப் போட்டு, சேர்வருக்கு அனுப்பும் ப்ளகின் என்ற துணை நிரலையும் அதில் பூட்டியிருந்தேன். ஒரு கட்டளை போதும், கங்காணியைப்போல எல்லாவற்றையும் அதுவே ஓட்டும். வேலைகளுக்குத் தோட்டத்துப் பெயர்களையே வைத்தேன். காலையில் ஆட்களைக் கூட்டி எண்ணும் பெரட்டு, இங்கே கோப்புகளைக் கூட்டி எண்ணும். கவ்வாத்து, சேர்வரிலிருக்கும் பழைய போல்டரை வெட்டித் தள்ளும். கொழுந்து, புதியதை ஏற்றும். நாற்றுமேடை, ஆபத்துக்கு ஒரு நகல் எடுத்து வைக்கும்.

தேயிலையை முழங்கால் உயரத்துக்கு மொட்டையாகக் கவ்வாத்து வெட்டி, சில மாதத்தில் பச்சையைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெட்டியது துளிர்க்கும் என்பது எனக்கு யோசிக்கவேண்டிய விஷயமே இல்லை. ஆட்கள் அனுப்பிய படங்களும் கவ்வாத்து வெட்டும் அதே போல்டருக்குள்தான் கிடந்தன என்பதை அதனால்தான் யோசிக்கவில்லை.

அன்று காலை தளத்தில் ஒரு பிழையும் இல்லை. ஒரு பொத்தானின் நிறம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. மச்சான் வீட்டு முன்வாசல் இஸ்தோப்பில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன்.

"என்னா மாப்ள, ஆபிசர் வர்ற நேரத்துல நோண்டுற?"

"ஒரே தட்டு மச்சான். வேடிக்கய மட்டும் பாருங்க."

நான்கு வேலையும் முடிந்ததாகப் பச்சை எழுத்தில் வந்தது. மச்சான் தன் புதுப் போனில் தளத்தைத் திறந்தார். அவர் வீட்டுப் பக்கத்தில் படம் இல்லை. பக்கத்து வீட்டுக்கும் இல்லை. கீழ் லயத்தின் பன்னிரண்டு வீட்டுக்கும் இல்லை. மேல் லயத்துப் படங்கள் மட்டும் ஒன்று குறையாமல் இருந்தன. சோதனைக்காக அவற்றை நான் கணினியில் வைத்திருந்தேன். கொழுந்தோடு கொழுந்தாக அவை திரும்ப ஏறியிருந்தன.

"ஒங்க லயத்துப் படம் மட்டும் எப்படிடா இருக்கு?"

மாப்ள போய் டா வந்துவிட்டது. "நகல் இருக்கு மச்சான், பயப்படாதீங்க" என்று நாற்றுமேடையைத் திறந்தேன். வெட்டி முடித்த பிறகு நகலெடுக்கும்படி வரிசை போட்டிருந்த மேதை நான். கீழ் லயம் இருந்த இடத்தின் வெறுமையை அது மிகப் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தது.

மச்சான் விட்ட முதல் அறையில் காது அடைத்தது. இரண்டாவதில் மூக்கு உடைந்து, இரத்தம் விசைப்பலகையில் சொட்டியது. சத்தம் கேட்டு அடுத்த வீட்டு அக்கா கவ்வாத்துக் கத்தியோடு ஓடி வந்தார்.

"மழ பேஞ்சா புள்ளய மடியில வச்சிக்கிட்டு உக்காந்தே தூங்குறேன். ஒனக்கு வெளையாட்டா இருக்கா? அந்தக் கைய வெட்டுங்கண்ணே!"

"கைய வெட்டுனா யாருக்கா திரும்ப டைப் பண்றது?" என்று அலறினேன். சாகப்போகிற நேரத்திலும் என் வாய் அடங்காது. அதற்குள் கூடிவிட்ட கூட்டத்திலிருந்து மண்வெட்டிக் காம்பு ஒன்று முழங்காலில் இறங்கியது. கணினியைக் கேடயமாகப் பிடித்தேன். அடுத்த அடியில் திரை நொறுங்கியது. வீரம் தீர்ந்து பழியைத் தள்ளத் தொடங்கினேன்.

"நான் இல்ல மச்சான், ப்ளகின்! ப்ளகின்தான் வெட்டுச்சு!"

"அவன் எந்தத் தோட்டத்தான்? அவனையும் இழுத்துட்டு வாங்கடா!" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

மச்சான் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிச் சுவரில் அடித்தார். தீபாவளிப் பூச்சு பாளம் பாளமாக என் தலைமேல் விழுந்தது. பிடரியில் குளிர்ந்த காற்றுப் பட்டது.

கூரையிலிருந்து தரைவரை சுவர் பிளந்திருந்தது. படத்தில் இரண்டு விரல் அகலமாக இருந்த வெடிப்பு அது. மச்சான் என்னை விட்டுவிட்டு உள்ளே கையை விட்டார். முழங்கைவரை போனது. வெளியே எடுத்தபோது கை நிறைய ஈரமான செம்மண்.

அக்கா தன் வீட்டுக்கு ஓடி, கத்தியைத் திருப்பிப் பிடித்துப் பூச்சு உதிரச் சுவரில் ஓங்கி அடித்தார். பிறகு பன்னிரண்டு வீட்டிலும் மண்வெட்டியும் அலவாங்கு என்ற கடப்பாரையும் விழுந்தன. என்னை அடித்த ஆத்திரமெல்லாம் இதில் பாதிகூட இல்லை. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து நாக்கால் பல்லைத் தடவி எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணிக்கு வந்த அதிகாரி, வெள்ளைத் தூளில் நின்ற கூட்டத்தையும் என் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மண் சரிஞ்சதா?"

"இல்லங்க சார். பொத்தான் கலர் மாத்துனேன்."

அவர் என் தளத்தைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு வெடிப்பிலும் தானே கையை விட்டுப் பார்த்தார். நாலாவது வீட்டில் அவர் முகம் மாறியது. "இன்னிக்கே எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்குங்க. லிஸ்ட்ல இந்த லயந்தான் முதல்" என்றார்.

மூட்டை முடிச்சுகளைக் கட்டினார்கள். நொண்டிக்கொண்டே மச்சானிடம் போனேன்.

"இன்னும் கோவமா மச்சான்?"

"கோவம் அடங்கல. அந்தக் கட்டில் கால புடி."

கட்டிலோடு வாசலுக்கு வந்தபோது, மேல் லயத்திலிருந்து நான்கு பேர் படியிறங்கி வந்தார்கள். கீழ் லயத்துக்கு முதலிடம் என்ற செய்தி அதற்குள் அங்கே ஏறியிருந்தது. முன்னால் வந்த என் சித்தப்பா என் சட்டைக் காலரைத் தடவிப் பார்த்தார், நன்றாகத் தாங்குமா என்று.

"வாடா, நம்ம செவத்தயும் பாத்துருவோம்" என்றார்.