கிணற்றுத் தெருவுக்கு நான் அடித்த கலர்

ஊருக்கு மாஸ்டர் பிளான் போடுகிறவன் என்றால் மேஜைமுன் உட்கார்ந்து நகரத்தையே உண்டாக்குகிறவன் என்று நினைப்பீர்கள், உண்மையில் அது வெயிலில் வீடு வீடாகப் போய் "இங்கே என்ன நடக்குது?" என்று கேட்டுத் திட்டு வாங்குகிற உத்தியோகம். ஜனத்தொகைக் கணக்கு எடுத்தவர்கள், வாக்காளர் பட்டியலுக்கு அலைந்தவர்கள், ரேஷன் கார்டு சரிபார்த்தவர்கள், நீங்கள் எல்லோரும் என் இனம். உங்களையும் நாய் துரத்தியிருக்கும். உங்களிடமும் "போன வாரந்தானே ஒருத்தர் வந்து எழுதிட்டுப் போனாரு" என்று கதவைச் சாத்தியிருப்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில் போடிநாயக்கனூரின் பழைய பிளானைப் புதுப்பிக்க என்னை அனுப்பினார்கள். கணக்கெடுப்பதும் நானே, படம் வரைவதும் நானே. அந்த வேலையில் ஒரு தெருவின் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தேன். அதைச் சரிசெய்ததிலும் எனக்குப் பங்கு உண்டு என்பதால் இதைக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே எழுதுகிறேன்.

பருத்திக்கு நடுவே ஒரு கரடு

எங்கள் வேலையில் எல்லாமே கலர்தான். குடியிருக்கும் இடத்துக்கு மஞ்சள், கடைகண்ணிக்கு நீலம், ஆலைக்கு ஊதா, பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சிவப்பு, வயலுக்குப் பச்சை. படம் அரசாங்கத்தில் பாஸாகிவிட்டால் அந்தந்தக் கலரில் அந்தந்தக் காரியம்தான் நடக்கலாம். மஞ்சளுக்குள் கடையோ சரக்கு வைக்கிற கிட்டங்கியோ இருந்தால் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டார்கள். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போக வேண்டியதுதான்.

சிலமலைப் பக்கம் ஒரு சம்சாரி. இடுப்பளவு பருத்தியில் நின்றுகொண்டிருந்தார். "இது என்ன நிலம்?" என்றேன். "கரடு சார், வெறும் கல்லும் முள்ளும்" என்றார், கண்ணைச் சிமிட்டாமல். "அப்ப இந்தப் பருத்தி?" "அது தானா மொளைச்சுக் கெடக்கு." சர்க்கார் நிலத்தை எடுத்துக்கொள்ளப் போகிறது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். எங்கள் செயின்மேன் ஒச்சப்பன், அதாவது அளவுச் சங்கிலி பிடிக்கிறவர், அப்படியெல்லாம் இல்லை என்று தலையிலடித்துச் சத்தியம் பண்ணியும் மனிதர் மசியவில்லை. நான் கண்ணால் பார்த்ததை நம்பிப் பச்சை என்று குறித்தேன். மறுநாள் காலையில் பக்கத்து நிலத்துக்காரர் சைக்கிளில் என்னைத் தேடி வந்துவிட்டார். அவருடையது நிஜமாகவே கரடு, ஆடுகூட ஏறாது. அவர் கேட்டார்: "அண்ணே, கரடுன்னு சொன்னவனுக்கே பச்ச அடிச்சீங்களாம்ல, கரட்டையே வச்சிருக்கிற எனக்கு நீலம் அடிக்கப்படாதா?"

பேச்சியம்மாளின் பதில்

பருத்திக் காட்டில் கண்ணை நம்பியவன், கிணற்றுத் தெருவில் காதை நம்பினேன். எதிரும் புதிருமாக ஓட்டு வீடுகள். தெருமுனையில் ஒரு வியாபாரியின் ஏலக்காய்க் கிட்டங்கி. ஒரே ஒரு கிட்டங்கிக்காகத் தெருவுக்கே வேறு கலர் கொடுக்க விதியில்லை. வீடுகளிலும் தொழில் நடந்தால்தான் கொடுக்கலாம். அதனால் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "வீட்டுல என்ன தொழில் நடக்குது?" என்று ஃபாரத்தில் உள்ளபடி கேட்டேன். ஆண்கள் எல்லாம் மலைக்கோ மில்லுக்கோ போயிருந்த நேரம்.

முதல் வீட்டில் பேச்சியம்மாள் என்ற நடுவயதுப் பெண்மணி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் முறம், அவர்கள் பேச்சில் சொளகு. சொளகு நிறைய ஏலக்காய். பச்சைக் காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம் என்று விரல்கள் தாமாகவே பிரித்துக்கொண்டிருந்தன. என்னை நிமிர்ந்து பார்த்து, "எனக்கென்ன சோலி சாரு, வீட்டுல சும்மாதேன் இருக்கேன்" என்றார். தெரு முழுக்க அதே சொளகு, அதே பதில். நானும் வரிசையாக "தொழில் இல்லை, தொழில் இல்லை" என்று எழுதி, தெருவுக்கு முழு மஞ்சள் குறித்தேன். திரும்பி வரும்போது ஒச்சப்பன் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வாயால் சொன்னதைத்தானே எழுதமுடியும்?" என்றேன் விறைப்பாக. அவர் சொன்னார்: "எழுதுங்க சார், நமக்கென்ன. ஆனா சும்மா இருக்கிற கை இம்புட்டு வெரசா ஓடி நான் பாத்ததில்ல."

போடிமெட்டில் கிடைத்த உதை

படத்தை அச்சடித்து, ஆட்சேபணை இருந்தால் இரண்டு மாதத்துக்குள் சொல்லுங்கள் என்ற நோட்டீஸோடு ஆபீஸ் சுவரில் மாட்டியாகிவிட்டது. அதற்கப்புறம், மலையிலிருந்து ஊருக்குள் எத்தனை வண்டி இறங்குகிறது என்று எண்ண நானும் ஒச்சப்பனும் கேரள எல்லையில் இருக்கும் போடிமெட்டு செக்போஸ்ட்டுக்குப் போனோம். மூடுபனியில் மூக்கு நுனி தெரியவில்லை. எஸ்டேட் ஜீப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. என்ன சரக்கு, எங்கே இறக்குகிறீர்கள் என்று கேட்டுக் குறித்தோம். ஏலக்காய், கிணற்றுத் தெரு. ஏலக்காய், கிணற்றுத் தெரு. நாலாவது ஜீப்பிலேயே நான் பென்சிலை நிறுத்திவிட்டு ஒச்சப்பனைப் பார்த்தேன்.

மலையிலேயே பிறந்து வளர்ந்த ஒரு டிரைவரிடம், அந்தக் கிட்டங்கிக்குள் இத்தனை மூட்டை எப்படிக் கொள்ளும் என்று கேட்டேன். கிட்டங்கியில் எடை மட்டும்தான் போடுவார்கள், மூட்டை பிரித்து வீடு வீடாகப் போய்விடும், பொம்பளைகள் பொறுக்கித் தரம் பிரித்துக் கொடுத்தால்தான் காய் ஏலத்துக்கே போகும் என்றார். அந்தத் தெருவில் தொழிலே இல்லை என்று எங்கள் படத்தில் இருப்பதாகச் சொன்னேன். தப்புக்குச் சொந்தக்காரன் நான் என்பதைச் சொல்லவில்லை. அவர் ஸ்டியரிங்கில் கையைத் தட்டிச் சிரித்தார்: "எந்தா சாரே, அப்ப இத்தனை காலமும் நான் லோடு இறக்குனது ஒங்க பேப்பருக்கு வெளியிலயா?"

மலை எங்கே இருக்கு?

மதுரையில் இருந்த எங்கள் மேலதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் நல்லவர்தான், ஆனால் விதிக்காரர். சர்வேயருக்கு ஞானோதயம் வந்துவிட்டது என்பதற்காகப் படத்தை மாற்ற முடியாது, ஜனங்கள் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கட்டும் என்றார். கிட்டங்கி முதலாளியைப் பார்த்தேன். அவருக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. தேவாரம் ரோட்டில் அவருக்கு இடம் கிடந்தது. அங்கே கொட்டகை போட்டு, மெஷின் வைத்துக் காயைச் சலித்துக்கொள்வதாகச் சொன்னார். ஆக, அந்தத் தெருப் பெண்களுக்கு மிச்சமிருந்தது அந்த ஆட்சேபணை ஒன்றுதான், அதற்கும் பதினெட்டு நாள்தான் பாக்கி.

கூப்பிட்டு அனுப்பினேன். பேச்சியம்மாள் தலைமையில் வந்தார்கள். சுவரில் இருந்த படத்தைக் காட்டினேன். ஒருவருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "இதுல மலை எங்க இருக்கு?" என்று கேட்டார் பேச்சியம்மாள். போடிக்காரர்களுக்குத் திசை என்றால் மலைதான். எங்கள் படத்தில் வடக்கு மேலே, மலை இடது ஓரத்தில். படத்தைக் கழற்றி முற்றத்தில் விரித்து, படத்து மலை நிஜ மலையைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு விரலை வைத்து "இந்தா கோயிலு, இந்தா பஸ்ஸ்டாண்டு" என்று நடந்தே போய்த் தங்கள் தெருவைப் பிடித்துவிட்டார்கள். மஞ்சள் என்றால் என்ன அர்த்தம் என்று சொன்னேன். அப்புறம் பேச்சியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அந்தத் தெருவில் சோலி இல்லை என்று எழுதினவன் யார் என்று கேட்டார். நான்தான், நீங்கள் சும்மா இருக்கிறதாகச் சொன்னீர்களே என்றேன். வந்த பதில் இன்னும் காதில் நிற்கிறது: "ஏஞ் சாரு, வீட்டுல இருக்கிற பொம்பளைய என்ன செய்றேன்னு கேட்டா வேற என்னத்தச் சொல்லுவா?"

நேற்று என்ன செய்தீர்கள்?

தொழில் நடக்கிறது என்று எழுதினால் வீட்டு வரியைக் கூட்டிவிடுவார்கள் என்ற பயம் வேறு அவர்களுக்கு இருந்தது. கையால் பொறுக்குகிற வேலைக்கு வரி கிடையாது என்று விதியைத் தேடியெடுத்துத் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிறகு பழைய ஃபாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, வீடு வீடாக ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "நேத்து எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீங்க?" வண்டி வண்டியாகக் கொட்டியது. தண்ணி எடுத்தது, சோறாக்கியது, சொளகை எடுத்தது, பிள்ளைக்குப் பால் கொடுத்தது, மறுபடி சொளகு, சந்தைக்குப் போனது, மறுபடி சொளகு. ஒச்சப்பன் எழுதி எழுதிக் கை ஓய்ந்து போனார்.

இந்த முறை ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போயிருந்ததால் வீட்டில் ஆண்களும் இருந்தார்கள். ஒரு வீட்டில் மில் தொழிலாளி ஒருவர் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, மனைவி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்து உட்கார்ந்தார். அந்த அம்மாள் சொல்லி முடிக்கும்போது சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார், ஏதோ விருந்தாளி முன்னால் இருப்பதுபோல. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "ஏ புள்ள, இம்புட்டுமா செய்றே?"

கையை வெட்டுவதா?

மனு போனது. கையெழுத்து பாதி, கைநாட்டு பாதி. சொளகு பிடித்த கையோடு போட்டதால் கட்டு முழுக்க ஏலக்காய் வாசம். மேலதிகாரி விசாரணைக்கு வந்து ஃபைலைத் திறந்ததும், "என்னய்யா, பாயசத்துக்குள்ள விழுந்து எந்திரிச்சதா?" என்றார். சிரிப்பு அதோடு சரி. ஒரு தெரு என்றால் ஒன்று குடியிருப்பு, இல்லையென்றால் வியாபாரம். இரண்டாகவும் இருந்தால் ஊரெல்லாம் கேட்பார்கள் என்று ஆரம்பித்தார். முதலாளி எழுந்து, தேவாரம் ரோட்டுக் கொட்டகைக்கு வேண்டுமானால் பெண்கள் நடந்து வரட்டுமே என்றார். பச்சைப்பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போவது என்று பெண்கள் கசகசவென்று பேச, மேலதிகாரி மேஜையைத் தட்டினார்.

 நான் எழுந்து நின்று, "சார், முதல் கணக்கு நான் எடுத்தது, அது தப்பு. இரண்டாவதும் நான் எடுத்ததுதான், இது சரி. விதியில கலப்புக் குடியிருப்புன்னு ஒரு வகை இருக்கு. அதுக்கு இந்தத் தெருவைவிடப் பொருத்தமான தெரு கிடையாது" என்றேன். சர்வீஸில் நாலு பேர் கூடிய இடத்தில் 'என் தப்பு' என்று நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேச்சியம்மாளைப் பார்த்து, "ஏம்மா, உங்க வீடு வீடா, கடையா? ஒண்ணைச் சொல்லுங்க" என்றார். பேச்சியம்மாள் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தார். "சோறாக்குறதும் இந்தக் கைதேன், காய் பொறுக்குறதும் இந்தக் கைதேன். இதுல எந்தக் கையை வெட்டிட்டுக் கலர் அடிக்கப் போறீக?"

கோடு

மேலதிகாரி அங்கேயே ஃபைலில் கலப்புக் குடியிருப்பு என்று எழுதிவிட்டார்.  கலப்புக் குடியிருப்பு என்றால் படத்தில் மஞ்சள்மேல் நீலக் கோடு போடவேண்டும். டிரேசிங் தாளில் இங்க் காய்ந்து போயிருந்ததால், பழைய குறியை ப்ளேடால் தாள் கிழியாமல் சுரண்டி எடுத்தேன். பிறகு ஒவ்வொரு வீட்டின்மேலும் சாய்வாக நீலக் கோடு. ஒரு நாள் முழுக்க அந்த ஒரு தெருதான். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாகக் கோடு போட்டதில்லை. படம் அரசாங்கத்தில் பாஸாயிற்று, கிட்டங்கிக்கு லைசென்ஸும் அதே தெருவில் தொடர்ந்தது. முதலாளி கொஞ்ச நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார், அப்புறம் கொட்டகைச் செலவு மிச்சம் என்று அவரும் சரியாகிவிட்டார்.

புதுப் படத்தைப் பார்க்கத் தெருவே திரண்டு வந்தது. கேட்காமலே படத்தைக் கழற்றி முற்றத்தில் மலைப்பக்கம் பார்த்துப் போட்டேன். பேச்சியம்மாள் குனிந்து, தன் வீட்டின்மேல் ஓடிய நீலக் கோட்டை நகத்தால் தடவிப் பார்த்தார். பாராட்டு வரப்போகிறது என்று நான் பவ்யமாக நின்றுகொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து சொன்னார்: "கோடு கொஞ்சம் கோணலாத்தேன் இருக்கு சாரு. பரவால்ல, எங்க தெருவும் அப்படித்தேன்."

சர்வீஸ் முழுக்க ஒழுங்காகக் கலர் அடித்த எத்தனையோ தெருக்களில் என்னை யாரென்றே ஒருவருக்கும் தெரியாது, தப்பாக அடித்துத் திருத்திய ஒரே தெருவில்தான் எனக்கு இன்றைக்கும் ஏலக்காய் தட்டிப் போட்ட டீ கிடைக்கிறது.