புளியமரத்துக்கு எந்த ஊர்?

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஸ்ரீரங்கம் ஃப்ளாட்டில் மீட்டிங். கார் நிறுத்த இடமில்லை, மரங்களை வெட்டணும் என்று ஒரே சத்தம்.

செக்ரட்டரி ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். "வெளிநாட்டு மரத்தை வெட்டுவோம். நம்ம ஊர் மரம் இருக்கட்டும். யாருக்கும் வருத்தமில்லை, என்ன சொல்றீங்க?"

எந்த மரம் எந்த ஊர்? அதற்கும் செல்போனில் ஆப் இருக்கிறதே! இலையைப் படம் எடுத்தால் லத்தீன் பெயரைச் சொல்லிவிடும். அதில் ஊரும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் மாட்டியது செம்பருத்தி. ரோசா-சைனென்சிஸ். அதாவது, சீனாவைச் சேர்ந்தது!

மாடி வீட்டு மாமி பொங்கிவிட்டார். "தினம் பெருமாளுக்குச் சாத்தற பூ. அதைப் போய் சைனாங்கறேளே! நன்னாயிருக்கா?"

செம்பருத்தி தப்பித்தது. அடுத்து, கேட் ஓரத்துப் புளியமரம். அதன் நிழலில்தான் செல்வியின் இஸ்திரி வண்டி நிற்கிறது. மரம் போனால் வண்டி போகும், வண்டி போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு, வாசலில் வந்து நின்றாள், பாவம்.

செக்ரட்டரி செல்போனைப் பார்த்து உரக்கப் படித்தார். "டாமரிண்டஸ்... இண்டிகா!"

"இண்டிகான்னா இந்தியா. நம்ம மரங்க!" ஒரே கைதட்டல்.

எனக்கு மட்டும் நாக்கு அரித்தது. பெயர் வைத்தவர்கள் இந்தியா என்று எழுதிவிட்டார்களே தவிர, புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா! சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் இருந்த என் மனைவி தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள்... கப்சிப்.

யோசித்தால், நாமும் அப்படித்தானே? செக்ரட்டரியின் இனிஷியல் 'எல்', லால்குடி. பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லி. லால்குடிக்கு எங்கே பஸ் ஏறணும் என்று என்னைத்தான் கேட்டார். அவரை யாராவது ஊரை விட்டுப் போகச் சொன்னோமா?

சாயங்காலம் சட்டைகளைக் கொடுக்கப் போனேன். செல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம ஊரு மரம்தானாமே சார்! எனக்கு அப்பவே தெரியும்."

"பின்னே? சந்தேகமென்ன!" என்றேன். அந்த நிழலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். சுகமாக இருந்தது.

செக்ரட்டரி தமிழ்ப் பத்திரிகையைத் தொடமாட்டார் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்!